பற்றி நிற்கும் கலமே செய்தியைக் கேட்கும்

கிராமங்களில் நாம் நடத்தும் சுகாதாரக் கூட்டங்களில் பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்பது குறைவு. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையிலேதான் உண்மையான கேள்விகள் வரும். அப்படியொரு வேளையில் எம்மிடம் கேட்கப்பட்ட கேள்வியொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

ஒரே ஒழுங்கையில் வசிக்கும் இரு பெண்களுக்கு ஒரே ஆண்டில் மார்பகப் புற்றுநோய் கண்டது. இருவருக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு குளிசை வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு எடுக்கும்படி சொல்லப்பட்டது. மற்றவருக்கு அக்குளிசையால் பயனில்லை என்று கூறி வேறு சிகிச்சை தொடங்கப்பட்டது. அயலவர்கள் சும்மா இருக்கவில்லை. "ஒரே வருத்தத்துக்கு எப்படி இரண்டு மருந்து? ஆள் பார்த்துத்தான் கொடுக்கினமோ?" என்ற பேச்சு எழுந்தது. குளிசை கிடைக்காத பெண் அந்தப் பேச்சால் பெரிதும் மனம் நொந்திருந்தார். குளிசை கிடைத்தவரோ, தம்முடையதில் பாதியை அவருக்குக் கொடுக்கலாமா என்று எம்மிடம் தனியே வந்து கேட்டார்.

நாம் அன்று சொன்ன விடை சுருக்கமானது. கொடுக்க வேண்டாம், அது அவருக்கு உதவாது, உங்களுக்கும் மருந்து குறைந்துவிடும் என்றோம். ஏன் உதவாது என்பதற்கான விடை சற்று நீளமானது. அதனைத் தேடிச் சென்றால், எமது உடலின் கலங்கள் ஒன்றையொன்று எவ்வாறு பற்றிக்கொண்டு நிற்கின்றன என்ற விடயத்தில் வந்து சேருகின்றோம். அதனை இயன்றவரை எளிமையாக இங்கு விளக்க முயல்கின்றோம்.

வாங்கி என்பது யாது?

எமது உடலில் பல இலட்சம் கோடிக் கலங்கள் உள்ளன. இவை ஒன்றோடொன்று செய்தி பரிமாறியே வாழ்கின்றன. சுரப்பிகள் வெளியிடும் ஓமோன்களும், அயற்கலங்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளும் இச்செய்திகளாகும். ஓமோன் குருதியோடு கலந்து உடலெங்கும் செல்கின்றது. ஆயினும் எல்லாக் கலங்களும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலக்ரின் என்னும் ஓமோன் கால் விரலுக்கும் போகின்றது. அங்கே பால் சுரப்பதில்லை.

செய்தியைப் பெறுவதற்குக் கலத்தில் அதற்கென அமைந்த ஒரு புரதம் இருக்க வேண்டும். ஒரு பூட்டுக்கு அதற்குரிய திறப்பு மட்டுமே பொருந்துவது போல, அப்புரதத்தில் அதற்குரிய ஓமோனே பொருந்தும். இப்புரதத்தையே வாங்கி என்கின்றோம். சில வாங்கிகள் கலத்தின் வெளி மென்சவ்வில் அமைந்துள்ளன. வேறு சில கலத்தின் உள்ளே இருக்கின்றன. ஈஸ்திரஜன் என்னும் பெண்ணோமோனுக்குரிய வாங்கி கலத்தின் கருவினுள் காணப்படுவதாகும். இதனை 1950களின் இறுதியில் சிக்காகோ நகரில் எல்வூட் ஜென்சன் என்னும் விஞ்ஞானி இனங்கண்டார்.

மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை, ஏறக்குறைய பத்தில் ஏழு அல்லது எட்டு, இவ்வீஸ்திரஜன் வாங்கியைக் கொண்டவை. அத்தகைய புற்றுநோய்க் கலங்களை ஈஸ்திரஜன் வளரத் தூண்டுகின்றது. தமொக்சிபென் என்னும் குளிசை அவ்வாங்கியிற் போய் அமர்ந்துகொண்டு, ஈஸ்திரஜனுக்கு அங்கே இடமில்லாமற் செய்கின்றது. வாங்கியே இல்லாத புற்றுநோயில் அக்குளிசை செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. இரு பெண்களுக்கும் நோயின் பெயர் ஒன்றுதான். ஆனால் கலங்களின் இயல்பு வேறாக இருந்தது. வைத்தியர்கள் பார்த்தது ஆளை அல்ல, வாங்கியையே.

இனி அடுத்த கேள்வி எழுகின்றது. ஒரு கலத்தில் வாங்கி இருப்பதும் இல்லாதிருப்பதும் எதனால் முடிவாகின்றது? எமது உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரை அலகுகளே உள்ளன. எல்லா வாங்கிகளையும் செய்வதற்கான கட்டளை எல்லாக் கலங்களிலும் எழுதப்பட்டிருக்கின்றது. ஆயினும் ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டியவற்றையே செய்கின்றது. செய்தவற்றையும் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. சில மணித்தியாலங்களிலோ நாட்களிலோ பழையவற்றை உடைத்துப் புதியவற்றை ஆக்குகின்றது. ஒரு கலம் ஒரு வாங்கியை எவ்வளவு செய்து வைத்திருக்கின்றது என்பதையே அவ்வாங்கியின் 'வெளிப்பாடு' என்பர். வெளிப்பாடு கூடினால் கலம் அச்செய்தியை உரத்துக் கேட்கும். குறைந்தால் செவிடாகும்.

இவ்வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் விடயங்கள் பல. அவற்றுள் நெடுங்காலம் போதிய கவனம் பெறாதிருந்த ஒன்று, அக்கலம் எங்கே, எதனைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது என்பதாகும்.

கலங்களைப் பிணைத்து வைப்பவை

கலங்கள் மதிலின் கற்களைப் போல வெறுமனே அடுக்கப்பட்டவை அல்ல. 1907ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஹென்றி வில்சன் என்பவர், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியினூடாகப் பிழிந்து அதன் கலங்களைத் தனித்தனியாகப் பிரித்தார். கடல்நீரில் விழுந்த அக்கலங்கள் ஊர்ந்து சென்று ஒன்றுகூடி, மீண்டும் கடற்பஞ்சாக உருவாகின. கலங்களுக்குத் தம்மினத்தை அறிந்து பற்றும் ஆற்றல் உண்டு என்பது இதனாற் புலப்பட்டது. எதனைக் கொண்டு பற்றுகின்றன என்பதை அறிய மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன.

யப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் மசதோஷி தகேஇச்சி என்பவர், கலங்கள் ஒன்றையொன்று பற்றும் முறைகளுள் ஒன்றுக்குக் கல்சியம் இன்றியமையாதது என 1977இல் காட்டினார். அப்பணியைச் செய்யும் புரதத்துக்கு 1980களில் கட்ஹெரின் எனப் பெயரிட்டார். ஒரு கலத்தின் மென்சவ்விலிருந்து வெளியே நீளும் கட்ஹெரின், அடுத்த கலத்தின் அதே வகைக் கட்ஹெரினைப் பற்றிக்கொள்ளும். கல்சியத்தை நீக்கினால் பிடி தளர்ந்துவிடும்.

அயற்கலத்தைப் பற்றுவது போலவே, கலம் தன் கீழுள்ள தரையையும் பற்றுகின்றது. தோல், குடல், பாற்சுரப்பி முதலியவற்றின் மேலணிகள் அடித்தள மென்சவ்வு எனப்படும் மெல்லிய பாய் போன்ற ஒரு படையின் மீது நிற்கின்றன. லமினின், நான்காம் வகைக் கொலாஜன் ஆகிய புரதங்கள் இப்பாயின் முக்கிய இழைகளாகும். இதனைப் பற்றும் புரதங்களுள் முதன்மையானவை இன்ரெகிரின்கள் ஆகும். இப்பெயரை 1986இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ரிச்சட் ஹைன்ஸ் குழுவினர் வழங்கினர். மனிதரில் 24 வகை இன்ரெகிரின்கள் உள்ளன. இத்துறையில் செய்த பணிக்காக ஹைன்ஸ், எர்க்கி ருஓஸ்லாதி, திமொதி ஸ்பிறிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் லஸ்கர் விருது கிடைத்தது.

கட்ஹெரினைக் கலத்தின் கை என்றும், இன்ரெகிரினை அதன் கால் என்றும் வைத்துக்கொள்வோம். இவை இரண்டுக்கும் ஒரு பொதுவான அமைப்பு உண்டு. ஒரு முனை வெளியே பற்றும். மறுமுனை மென்சவ்வைத் துளைத்து உள்ளே சென்று, கலத்துக்கு உருவம் தரும் உட்சட்டகத்தோடு இணைந்திருக்கும். உள்முனையைச் சுற்றிப் பல நொதியங்கள் வந்து கூடும். அவை கிளப்பும் சமிக்ஞைகள் கரு வரை சென்று, எந்தப் பரம்பரை அலகு வேலை செய்ய வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதை மாற்றுகின்றன. ஆகவே இவற்றை வெறும் பசை என்று எண்ணுவது தவறாகும். கலம் தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்வதும் இவற்றினாலேயே ஆகும்.

பால் சுரக்க மறுத்த கலங்கள்

இவ்வுண்மையை விஞ்ஞானிகளுக்கு உணர்த்தியவை பாற்சுரப்பிக் கலங்களாகும். பாலூட்டும் சுண்டெலியிலிருந்து எடுத்த பாற்சுரப்பிக் கலங்களைப் பிளாஸ்ரிக் தட்டில் வளர்த்தால், அவை தட்டையாகப் பரந்து வளரும். ஆனால் சில நாட்களில் பால் சுரப்பதை மறந்துவிடும். புரோலக்ரினையும் ஏனைய ஓமோன்களையும் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. கலம் உயிரோடு இருக்கின்றது, உணவு இருக்கின்றது, செய்தியும் வருகின்றது. ஆயினும் பால் இல்லை.

1977இல் கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில் ஜோஆன் எமர்மன், டொறத்தி பிற்றெல்கா ஆகியோர் இக்கலங்களைக் கொலாஜனால் ஆன மெல்லிய படலமொன்றில் வளர்த்து, அப்படலத்தைத் தட்டின் அடியிலிருந்து விடுவித்து மிதக்கவிட்டனர். படலம் சுருங்கியது. கலங்கள் தட்டை வடிவத்தை விட்டு, மடியில் இருப்பது போல உயர்ந்து நின்றன. பாற்புரதமாகிய கேசீனையும் ஆக்கத் தொடங்கின. ஓமோன் அதே ஓமோன்தான். மாறியது தரை மட்டுமே.

ஈரானிற் பிறந்து பேர்க்லியில் பணியாற்றிய மினா பிசெல் என்னும் பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் இதனை மேலும் ஆராய்ந்தனர். லமினின் நிறைந்த மென்மையான களியினுள் இக்கலங்களை வைத்தபோது, அவை சிறு பந்துகளாகக் கூடி, நடுவே குழி அமைத்து, அக்குழிக்குள் பாலைச் சுரந்தன. 1991இல் இக்குழுவின் சாள்ஸ் ஸ்ரூலி முதலியோர் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே சென்றது. தனியே நிற்கும் ஒரு கலமும் லமினின் நிறைந்த தரையைப் பற்றியிருந்தால் கேசீனை ஆக்கியது. இன்ரெகிரினை மறைக்கும் பிறபொருளெதிரி ஒன்றை இட்டவுடன் அது நின்றுபோனது. கலத்தின் காலைக் கட்டியதும் அதன் காதும் அடைபட்டது எனலாம்.

பிளாஸ்ரிக் தட்டில் உள்ள கலத்துக்குப் புரோலக்ரின் ஏன் கேட்கவில்லை என்பதற்குரிய காரணங்களுள் ஒன்றை இதே குழுவினர் 2009இல் கண்டனர். தட்டையாக நெருங்கி நிற்கும் கலங்களில் புரோலக்ரின் வாங்கி அடிப்பக்கத்திலும் பக்கச் சுவர்களிலும் இருந்தது. ஓமோனோ மேலிருந்து ஊற்றப்படுகின்றது. பின்வாசலில் நிற்பவரை முன்வாசலில் நின்று அழைப்பது போன்ற நிலை இது. கலங்களைத் தட்டிலிருந்து பெயர்த்தபோது வாங்கிக்கு ஓமோன் எட்டியது. ஆனால் சமிக்ஞை சிறிது நேரமே நீடித்தது, பால் வரவில்லை. லமினின் மீது நின்று பந்தாக ஒழுங்குபட்டபோதுதான் வாங்கிக்கு ஓமோன் எட்டியதோடு சமிக்ஞையும் நிலைத்து நின்றது.

வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்குமுன் எவ்வளவு உரம் போட்டாலும் அது எடுத்துக்கொள்வதில்லை. உரத்தைக் குறை கூறி என்ன பயன்?

பிணைப்பு வாங்கிகளை மாற்றும் வழிகள்

இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினால், ஒட்டும் புரதங்கள் வாங்கிகளை மூன்று விதமாகப் பாதிக்கின்றன எனலாம்.

1. எண்ணிக்கையை மாற்றுதல். தரையைப் பற்றிய இன்ரெகிரினிலிருந்து கருவுக்குச் செல்லும் சமிக்ஞை, வாங்கியின் ஆக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பாற்சுரப்பிக் கலங்களை உடலிலிருந்து எடுத்துப் பிளாஸ்ரிக்கில் வளர்க்கும்போது ஈஸ்திரஜன் வாங்கி குறைந்துவிடுவது ஆய்வாளர்களுக்கு நெடுங்காலத் தொல்லையாக இருந்தது. லமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் கொண்ட தரையில் வைத்தால் சுண்டெலியின் பாற்சுரப்பிக் கலங்களில் இவ்வாங்கி உயர்கின்றது என்றும், அவற்றைப் பற்றும் இன்ரெகிரின்களைத் தடுத்தால் குறைகின்றது என்றும் 2003இல் பிசெல் குழுவைச் சேர்ந்தோர் காட்டினர். எமது இரு பெண்களின் சிகிச்சையை முடிவு செய்த அதே வாங்கி இதுவாகும்.

2. இருக்கும் இடத்தை மாற்றுதல். புரோலக்ரின் வாங்கியின் கதை இதற்கு ஓர் உதாரணம். குருதிக் குழாய்களின் உட்சுவரில் உள்ள கலங்கள் இன்னோர் உதாரணமாகும். அங்குள்ள ஒரு வகைக் கட்ஹெரின், குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வாங்கியைக் கலங்களின் இணைப்பிடத்திலேயே பிடித்து வைத்து அடக்குகின்றது. கட்ஹெரின் இல்லாதபோது அவ்வாங்கி விரைவாகக் கலத்தினுள் இழுக்கப்பட்டு, அங்கிருந்தவாறே வளர்ச்சிச் சமிக்ஞையைத் தொடர்ந்து அனுப்புகின்றது. இதனை இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2006இல் விளக்கினர். அயலவர் கைகோத்து நிற்கும்போது கலம் பெருகாமல் அடங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

3. வேலை செய்யும் திறனை மாற்றுதல். வாங்கி தன் இடத்தில் இருந்தும், அதன் சமிக்ஞையை உள்ளே கொண்டுசெல்லும் புரதங்கள் ஆயத்தமாக இல்லாவிடின் பயனில்லை. இன்ரெகிரினும் வளர்ச்சி வாங்கிகளும் உள்ளே ஒரே நொதியங்கள் பலவற்றைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. ஒன்றின் துணையின்றி மற்றதன் சமிக்ஞை வலுவிழந்துவிடும்.

வீடிழந்த கலம்

தரையை முற்றாக இழந்த கலத்துக்கு என்ன நடக்கும்? 1994இல் கலிபோர்ணியாவில் ஸ்ரீவன் பிறிஷ், ஹன்டர் பிரான்சிஸ் ஆகியோர், மேலணிக் கலங்களைத் தரையிலிருந்து பிரித்தால் அவை தாமாகவே இறக்கின்றன என்று கண்டனர். இந்நிகழ்வுக்கு வீடின்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் 'அனொயிக்கிஸ்' எனப் பெயரிட்டனர்.

இம்மரணம் எவ்வழியாக வருகின்றது என்பதில் வாங்கிக்கும் பங்குண்டு. மார்பக மேலணிக் கலங்கள் தரையிலிருந்து பிரிந்து இன்ரெகிரின் பிடி இழந்ததும், மேலணி வளர்ச்சிக் காரணியின் வாங்கி அவற்றில் குறைந்துவிடுகின்றது. 'உயிரோடிரு' என்ற செய்தியைக் கலம் அதன் பின் கேட்பதில்லை. செய்தி ஓய்ந்ததும் பிம் என்னும் புரதம் உயர்ந்து கலத்தை மரணத்துக்கு இட்டுச் செல்கின்றது. இதனை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் புறூகி என்பவரின் குழுவினர் 2003இல் வெளிப்படுத்தினர்.

இது கொடுமையாகத் தோன்றலாம். உண்மையில் இது உடலின் பாதுகாப்பாகும். குடற் கலமொன்று பிரிந்து குருதியோடு சென்று ஈரலில் போய்க் குடியேறி வளரத் தொடங்கினால் என்னவாகும்? தன் இடத்தை இழந்த கலம் இறந்துபோவதால்தான் ஒவ்வோர் அங்கமும் தன் எல்லைக்குள் நிற்கின்றது.

பால் வற்றுவதும் இதன் பயனுள்ள ஒரு வடிவமாகும். குட்டிகள் பால்குடி மறந்ததும் சுண்டெலியின் பாற்சுரப்பியில் அடித்தள மென்சவ்வைக் கரைக்கும் நொதியங்கள் பெருகுகின்றன. தரை கரைய, பால் சுரந்த கலங்கள் ஆயிரமாயிரமாக இறந்து நீங்குகின்றன. அடுத்த ஈற்றுக்குப் புதியவை பின்னர் தோன்றும்.

புற்றுநோயில் நடப்பது

புற்றுநோய்க் கலம் இந்த ஒழுங்கை மீறிய கலமாகும். வளர்ச்சி வாங்கியை அளவுக்கு மீறி வைத்திருக்கும் கலங்கள் தரையிலிருந்து பிரிந்த பின்பும் 'உயிரோடிரு' என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன, ஆகவே இறப்பதில்லை. சாதாரண கலமொன்றில் பல்லாயிரம் அளவில் இருக்கும் இவ்வாங்கி, ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் சில புற்றுநோய்க் கலங்களில் பத்து இலட்சத்தையும் தாண்டுகின்றது. இடம் விட்டு இடம் பரவும் ஆற்றலுக்கு இதுவும் துணைபுரிகின்றது.

இங்குதான் பிசெல் குழுவினரின் இரு ஆய்வுகள் உலகத்தின் கவனத்தை ஈர்த்தன. 1997இல் வலரி வீவர் முதலியோர், மார்பகப் புற்றுக் கலங்களை லமினின் நிறைந்த களியினுள் வைத்து, அவற்றில் மிகுதியாக இருந்த பீற்றா-1 என்னும் இன்ரெகிரினைப் பிறபொருளெதிரி ஒன்றினால் தடுத்தனர். ஒழுங்கற்ற திரளாக வளர்ந்துகொண்டிருந்த கலங்கள் வளர்வதை நிறுத்தி, சாதாரண கலங்களைப் போலச் சிறு பந்துகளாக ஒழுங்குபட்டன. அவற்றின் பரம்பரை அலகுகளில் இருந்த பழுது அப்படியே இருந்தது. நடத்தை மட்டுமே மாறியது. பிறபொருளெதிரியை நீக்கிக் கலங்களைப் பிரித்தபோது பழைய குணம் திரும்பியது.

மறு ஆண்டில், 1998இல், இதே கலங்களில் இன்ரெகிரினுக்கும் மேலணி வளர்ச்சிக் காரணி வாங்கிக்கும் உள்ள உறவு வெளிவந்தது. இன்ரெகிரினைத் தடுத்தால் அது மட்டுமன்றி, வளர்ச்சி வாங்கியின் அளவும் குறைந்தது. மறுதலையாக, வளர்ச்சி வாங்கியைத் தடுத்தால் இன்ரெகிரினின் அளவும் குறைந்தது. ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளைப் போல ஒன்றின் நடை மற்றதன் நடையைத் தீர்மானித்தது. மிக முக்கியமான செய்தி இனித்தான் வருகின்றது. இவ்வுறவு களியினுள் உருண்டு திரண்டு நின்ற கலங்களில் மட்டுமே காணப்பட்டது. பிளாஸ்ரிக்கில் தட்டையாகக் கிடந்த அதே கலங்களில் ஒன்றைத் தடுத்தபோது மற்றது குறையவில்லை.

இதன் பொருள் என்ன? தட்டையான தட்டில் மட்டும் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்தால், அது உடலில் எவ்வாறு வேலை செய்யும் என்பதைத் தவறாகக் கணிக்க நேரலாம். இன்று பல ஆய்வுகூடங்கள் களியினுள் வளர்த்த கலத்திரள்களையும் பயன்படுத்துவதற்கு இத்தகைய படிப்பினைகளும் காரணமாகும்.

அவசர முடிவுகள் வேண்டாம்

இவற்றைப் படித்ததும், பிணைப்புப் போனால் வாங்கியும் போகும் என்று ஒரு சூத்திரம் எழுதிவிடத் தோன்றும். உடல் அவ்வளவு எளியதன்று. மார்பகப் புற்றுநோய்களுள் பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை, பாற்சுரப்பியின் சிறு சோணைகளின் பெயரால் அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் கலங்கள் பொதுவாகத் தமக்குரிய கட்ஹெரினை இழந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இழையத்தினுள் ஊடுருவும். ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை ஈஸ்திரஜன் வாங்கியை இழப்பதில்லை. தமொக்சிபென் இவற்றில் வேலை செய்யும். கைப்பிடி வேறு, காற்பிடி வேறு. ஒவ்வொரு வாங்கிக்கும் உரிய விதி வேறு.

ஆய்வுகூடத்திலிருந்து கட்டில் வரை உள்ள தூரமும் பெரிது. இன்ரெகிரின்களைத் தடுக்கும் சிலென்கிற்றைட் என்னும் மருந்து மூளைப் புற்றுநோய்க்குப் பயன்படும் என்ற பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. 500க்கும் மேற்பட்ட நோயாளிகளில் நடந்த பரிசோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. மருந்து அவர்களுடைய ஆயுளை நீடிக்கவில்லை. அதே ஆண்டில், வெண்குருதிக் கலங்களின் இன்ரெகிரின் ஒன்றைத் தடுத்து அவை குடலினுள் சென்று சேருவதைக் குறைக்கும் வெடோலிசுமப் என்னும் மருந்து, நாட்பட்ட குடலழற்சி நோய்களுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்களைத் தடுத்து ஓரிடத்தில் தோல்வியும் ஓரிடத்தில் வெற்றியும் கண்டுள்ளோம். ஆகவே 'கலங்களின் பிணைப்பைச் சரிசெய்து புற்றுநோயை மாற்றுவோம்' என்று எவரேனும் மருந்தோ மூலிகையோ விற்க வந்தால் நம்ப வேண்டாம். அப்படியொரு மருந்து இன்று இல்லை.

நாம் செய்யக்கூடியவை

இவ்வறிவினால் கிராமத்தில் உள்ளவர்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சில உண்டு.

சத்திரசிகிச்சையின்போது எடுக்கப்படும் கட்டி, ஈஸ்திரஜன் வாங்கி உண்டா எனச் சோதிக்கப்படும். கலங்களின் கருக்களில் நூற்றுக்கு ஒன்று சாயம் ஏற்றாலும் வாங்கி உண்டு என்றே கொள்வர். அம்முடிவு எழுதப்பட்ட தாளை நோயாளி பிரதியெடுத்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இடம்பெயர்ந்தும் வைத்தியசாலை மாறியும் பழகிய எமது மக்களுக்கு இதனை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். சிகிச்சை முழுவதும் அந்த ஒரு தாளைப் பற்றியே நடக்கின்றது.

வாங்கி உள்ளவர்கள் குளிசையைச் சுகமாகிவிட்டது என்று எண்ணி இடையில் நிறுத்தக் கூடாது. பக்க விளைவுகள் தொல்லை தந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாமாகக் குறைக்கக் கூடாது. வாங்கி இல்லாதவர்கள் தம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர்களுக்குரிய சிகிச்சைகள் வேறு உண்டு.

நோய் வேறிடத்தில் மீண்டும் தோன்றினால், இயலுமாயின் அங்கிருந்தும் ஒரு துண்டு எடுத்து வாங்கியைப் புதிதாகச் சோதிப்பது நல்லது. ஏனெனில் முதற் கட்டியில் இருந்த வாங்கி பரவிய இடத்தில் இல்லாமற் போகலாம். இல்லாதிருந்தது தோன்றவும் கூடும். கலம் தன் சூழலையும் காலத்தையும் பொறுத்து மாறுவது என்பதை இதுவரை படித்த வாசகர்களுக்கு இது வியப்பளிக்காது.

எம்மிடம் கேள்வி கேட்ட பெண்ணை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். இந்த விளக்கத்தைச் சுருக்கிச் சொன்னபோது, வாங்கி என்ற சொல்லைத் தமக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அயலவர்களுக்கு இதைத் தாமே சொல்லப் போவதாகக் கூறினார். குளிசையைப் பகிர முடியாது என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் மற்றவருடைய கிளினிக் நாளில் தாமும் கூடவே பஸ்ஸில் போய் வருவதாகவும், அவருடைய தாள்களையும் தம்முடையதோடு சேர்த்து ஒரே பொலித்தீன் உறையில் நனையாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார்.